வீட்டில் ஜின்ஃபண்டல் ஒயின்: சோனோமா குடும்பங்களின் வழியில்

ஜின்ஃபண்டல் என்ற திராட்சையில் ஒயின் போட இறங்குமுன் ஒரு குலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பச்சைக்காய், நன்றாகப் பழுத்தது, கிஸ்மிஸ் மாதிரி சுருங்கியது எல்லாம் ஒரே காம்பில் தொங்கும். இந்தத் திராட்சையின் சுபாவமே அதுதான், செய்முறை முழுக்க அதைச் சமாளிப்பதில்தான் இருக்கிறது.

கலிபோர்னியாவின் சோனோமா பக்கம் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். செகேசியோ குடும்பம் ஜின்ஃபண்டல் நட்டது 1895-ல். டிரை கிரீக் பள்ளத்தாக்கில் பெட்ரொன்செல்லி குடும்பம் 1927-ல் தோட்டம் வாங்கியபோது மதுவிலக்குக் காலம், ஆகவே 1933 வரை வீட்டில் ஒயின் போடுகிறவர்களுக்குத் திராட்சையாகவே விற்றார்கள். இப்போதும் அமெரிக்காவில் இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை போடலாம், விற்கத்தான் கூடாது.

முதலில் தரம் பிரிப்பது. குலை நெருக்கமாக இருப்பதால் அழுகல் உள்ளேதான் ஒளிந்திருக்கும்; பிளந்து முகர்ந்து பாருங்கள், காடி வாசம் வந்தால் தூக்கிப் போடுங்கள். பச்சைக்காயை எடுத்துவிடுங்கள். சுருங்கிய பழம் கொஞ்சம் இருக்கட்டும், ருசிக்கு அது வேண்டும்.

காம்பு நீக்கி, லேசாக நசுக்கி, ஹைட்ரோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள். 24 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) காட்டுகிறதா? நம்பாதீர்கள். இரவு முழுக்கக் குளிர்ச்சியாக வைத்தால் சுருங்கிய பழங்கள் ஊறி, உள்ளே இருந்த சர்க்கரையை விடும், மறுநாள் அதே சாறு 26-ஐத் தாண்டியிருக்கலாம். பிரிக்ஸை 0.6-ஆல் பெருக்கினால் ஒயினில் வரப்போகும் ஆல்கஹால் சதவீதம் ஏறக்குறைய தெரியும். 27 என்றால் 16 சதவீதம், அவ்வளவு வீரியத்தில் சாதாரண ஈஸ்ட் பாதியில் செத்துவிடும். அதனால் மறுநாள் அளவை வைத்துத்தான் ஈஸ்ட் தேர்ந்தெடுக்க வேண்டும், அதிக ஆல்கஹால் தாங்குகிற வகையாக. சட்டர் ஹோம் என்ற கலிபோர்னியா ஒயின் நிறுவனத்தில் 1975-ல் ஒரு தொட்டியில் நொதிப்பு பாதியில் நின்றது, இனிப்போடு இளஞ்சிவப்பாக நின்ற அந்த ஒயின்தான் பிறகு ஒயிட் ஜின்ஃபண்டலாக அமெரிக்கா முழுக்கப் போனது. நமக்கு வேண்டியது சிவப்பு, சர்க்கரை முழுக்கத் தீர்ந்தது.

வாய் அகன்ற தொட்டியில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். நொதிக்க ஆரம்பித்ததும் தோலெல்லாம் மேலே திரண்டு ஆடைபோல நிற்கும், அதை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை அடிவரை அமுக்குங்கள். விட்டுவிட்டால் மேலே காய்ந்து காடியாகும். சூடு 30 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு சேரும், ஜன்னல்களைத் திறந்தே வையுங்கள்.

ஒரு வாரம், பத்து நாளில் இனிப்பு தீரும். அப்புறம் பிழிந்து, வண்டல் அடங்கியதும் ஓக் பீப்பாய்க்கு மாற்றுங்கள்; அமெரிக்க ஓக் இதற்கு நன்றாகப் பொருந்தும். மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும், அந்த இடத்தில் காற்று நின்றால் ஒயின் கெடும், அதனால் மாதம் ஒருமுறையாவது அதே ஒயினால் விளிம்புவரை நிரப்பிவிடுங்கள். ஒரு வருடம் போல ஆனதும் ருசி பார்த்து பாட்டிலில் அடைக்கலாம்.