புரோபயாடிக் கொடுத்தும் கோழியின் குடல் அழற்சி ஏன் தணிவதில்லை?

தொட்டித் தண்ணீரில் காலையில் குளோரின் போட்டுவிட்டு, அதே தண்ணீரில் புரோபயாடிக் பொடியையும் (குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள பாக்டீரியா) கலப்பது பண்ணைகளில் சாதாரணமாக நடக்கும் தவறு. நன்மை செய்யும் பாக்டீரியா எது, நோய் தரும் பாக்டீரியா எது என்று குளோரினுக்குத் தெரியாது. பாக்கெட்டில் கோடிக்கணக்கில் இருந்த லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாவில் பெரும்பகுதி, கோழி குடிக்கும் குழாய் முனையான நிப்பிளை எட்டும் முன்பே செத்துவிடும். பிறகு பழி தயாரிப்பின் மேல் விழும். சோடியம் தயோசல்பேட்டால் குளோரினை முறித்த பிறகோ, குளோரின் கலக்காத தண்ணீரிலோதான் இதைக் கொடுக்க வேண்டும். அதுவும் சில மணி நேரத்தில் கோழிகள் குடித்துத் தீர்க்கும் அளவே போதும். பொடியோடு சேர்ந்து வரும் சர்க்கரைப் பொருள் குழாயில் தங்கினால் உட்சுவரில் வழவழப்பான படலம் வளரும். ஆகவே முடிந்ததும் குழாயைக் கழுவிவிடுங்கள்.

ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களிலும் இதே கதைதான். தீவனத்தில் சேர்க்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற இரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்துகளும் சில வகை பாக்டீரியாக்களை ஒடுக்கும். எந்த மருந்தோடு சேரும், எதோடு சேராது என்பதைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

பெல்லட் தீவனம் (சிறு குச்சிகளாக அழுத்திய தீவனம்) என்றால் சூட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெல்லட் இயந்திரத்தில் தீவனம் 80 டிகிரி செல்சியஸையும் தாண்டும். பேசில்லஸ் என்ற பாக்டீரியா இனங்கள் கெட்டியான உறைக்குள் உறங்கும் வித்து நிலையில் இருப்பதால் தாக்குப்பிடிக்கும். மேலுறை பூசாத லாக்டோபேசில்லஸ் பிழைப்பது அரிது.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு காலம் தாழ்த்துவதுதான். இன்குபேட்டரில் பொரிக்கும் குஞ்சு தாய்க்கோழியைப் பார்ப்பதே இல்லை. தாயின் எச்சத்திலிருந்து தொற்றிக்கொள்ள வேண்டிய நுண்ணுயிர்கள் அதற்குக் கிடைப்பதில்லை. ஏறக்குறைய காலியாக இருக்கும் குடலில் முதலில் வந்து குடியேறுபவருக்கே இடம். வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் நோய் தரும் சால்மோனெல்லா பாக்டீரியா எளிதில் குடியேறுவதில்லை என்று பின்லாந்தின் ஆய்வாளர்கள் நுர்மியும் ரண்டாலாவும் 1973-லேயே காட்டினார்கள். இன்றைக்கும் பல பண்ணைகளில் மூன்றாவது வாரம் எச்சம் இளகிய பிறகுதான் புரோபயாடிக் பாக்கெட்டைத் தேடுகிறார்கள்.

அதற்குள் உள்ளே என்ன நடந்திருக்கும்? இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா ஒட்டுண்ணி குடல் செல்களை உடைத்திருக்கும். புண்ணிலிருந்து புரதம் கசியும், சளி பெருகும். அந்த விருந்தில் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியா கொழித்து, செல்களில் துளையிடும் நச்சை உமிழும். இறந்த கோழியின் சிறுகுடலை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள்: முற்றிய நோயில் உட்சுவர் பழைய முரட்டுத் துவாலையைப் போல, பழுப்பு மஞ்சள் படலம் படிந்து சொரசொரப்பாக இருக்கும். (இறந்து வெகுநேரம் ஆன கோழி வேண்டாம், குடல் சீக்கிரம் அழுகி ஆளை ஏமாற்றும்.) இந்த நிலைக்குப் புரோபயாடிக் மருந்தாகாது. கால்நடை மருத்துவரின் சிகிச்சை முடிந்த பிறகு, காலியான குடலில் மறுபடி நல்ல பாக்டீரியாவை நிரப்புவதே அதன் வேலை.

அது அழற்சியைத் தணிக்கும் வழியும் சுற்றுவழிதான். லாக்டோபேசில்லஸ் லாக்டிக் அமிலத்தைச் சுரக்கிறது. குருட்டுக்குடலில் (சீகம்) வாழும் வேறு பாக்டீரியாக்கள் அதைத் தின்று பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலமாக மாற்றுகின்றன. குடல் உட்சுவர் செல்களுக்கு அதுவே உணவு. செல்களின் இணைப்பு இறுகும்போது நச்சு உள்ளே கசிவது குறைகிறது. இந்தச் சங்கிலி ஒரே நாள் கொடுத்து நிறுத்தினால் உருவாகாது.

பெயரைப் பார்த்து வாங்குவதும் தவறு. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற ஒரே பெயரில் குணம் வேறுபட்ட பல ரகங்கள் உள்ளன. பெயருக்குப் பின்னால் ரக எண், உயிருள்ள பாக்டீரியாவின் எண்ணிக்கை, காலாவதி நாள் ஆகியவை லேபிளில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கடைசியாக, கொட்டகைத் தரையில் பரப்பும் கூளம். ஐமீரியாவின் முட்டை ஈரத்தில்தான் முதிர்ந்து தொற்றும் நிலையை அடைகிறது. நிப்பிள் ஒழுகும் கொட்டகையில் எந்தப் புரோபயாடிக்கும் தோற்கும். கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையை விரியுங்கள். உதிராமல் உருண்டையாகவே நின்றால், அன்றைக்குச் செலவழிக்க வேண்டியது பாக்கெட்டுக்கு அல்ல, குழாய் பழுதுக்கும் காற்றோட்டத்துக்கும்தான்.