தண்டுவட ஸ்டிமுலேட்டர்: ட்ரையல் வாரத்தை வீணடிக்காதீர்கள்

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து, ஸ்கேனில் எல்லாம் சரியாகத் தெரிந்த பிறகும், காலில் எரிச்சலும் சுருக்கென்ற குத்தலும் மாதக்கணக்கில் நீடிப்பவர்கள் உண்டு. மாத்திரையும் ஊசியும் பிசியோதெரபியும் பலிக்காதபோது, இவர்களில் சிலருக்குத் தண்டுவட ஸ்டிமுலேட்டரைப் பரிந்துரைக்கிறோம். முதுகெலும்புக்குள், தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய லீட் கம்பியை வைத்து, தோலுக்கடியில் பதித்த பேட்டரியிலிருந்து சிறு மின்துடிப்புகளை அனுப்பும் கருவி இது. தண்டுவடத்தை மின்சாரத்தால் தூண்டி வலியைக் குறைக்கும் முயற்சி 1967-லேயே தொடங்கிவிட்டது. ஆயினும் சேலத்தில் புதிதாக வரும் நோயாளிகளும், வலி சிகிச்சையில் புதிதாகச் சேரும் இளம் மருத்துவர்களும் பழைய தவறுகளையே செய்கிறார்கள். தையலை நனைக்கக் கூடாது என்பது போன்றவற்றை டிஸ்சார்ஜ் சீட்டே சொல்லும் என்பதால் இங்கே விடுகிறேன்.

ட்ரையலின்போது படுத்தே கிடப்பது

நிரந்தரக் கருவியைப் பதிக்கும் முன், லீட்டை மட்டும் உள்ளே வைத்து, இடுப்பில் கட்டிய வெளிக்கருவியோடு இணைத்து, பெரும்பாலும் 3 முதல் 7 நாட்கள் பார்க்கிறோம். வலி பாதியாவது குறைய வேண்டும், நடமாட்டமும் கூட வேண்டும் என்பதே அளவுகோல். ஆனால் வீட்டார் இதை ஆபரேஷன் முடிந்த ஓய்வாக எடுத்துக்கொண்டு, நோயாளியைக் கட்டிலோடு வைத்துவிடுகிறார்கள். படுத்திருந்தால் பலருக்கு எந்தக் கருவியும் இல்லாமலேயே வலி குறையும். சங்ககிரியில் யாரும் வெற்று லாரியைச் சமதரையில் ஓட்டிப் பார்த்து விலை பேசுவதில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், வேறோர் இடத்தில் ட்ரையலும் முடித்து, பல லட்சம் செலவில் கருவியும் பதித்துக்கொண்டு, வலி அப்படியே இருக்கிறது என்று வந்தார். அவருடைய வலிக் குறிப்பேட்டில் எல்லா நாட்களுக்கும் பத்துக்கு 3 என்ற ஒரே எண், ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தது. நடந்த தூரத்துக்கான கட்டங்கள் முழுவதும் காலி. “கட்டிலை விட்டு இறங்கவே விடலீங்க டாக்டர்” என்று அவருடைய மனைவி பெருமையோடு சொன்னார். பட்டறையில் உட்கார்ந்தால் வரும் வலிதான் அவருடைய வலி, அது சோதிக்கப்படவே இல்லை. அந்த அம்மாள் மீது எனக்குக் கோபமில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டும் கையெழுத்திட்ட மருத்துவரை நினைத்தால்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

குனிதல், உடலைத் திருகுதல், பளு தூக்குதல், கையைத் தலைக்குமேல் உயர்த்துதல் ஆகியவற்றால் லீட் நகர்ந்துவிடும் என்பதால் அவை மட்டும் கூடாது. மற்றபடி தெருமுனைக் கடைவரை நடக்க வேண்டும், அடுப்படியில் நிற்க வேண்டும், வேலையில் உட்காரும் நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வலியின் எண், நடந்த தூரம், உட்கார்ந்த நேரம், தூக்கம், விழுங்கிய வலி மாத்திரைகள் ஆகியவற்றை அன்றன்று மாலையே எழுதுங்கள். ட்ரையலுக்கு முந்தைய வாரமும் இதே கணக்கை எழுதியிருந்தால்தான் ஒப்பிட முடியும். இடையில் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ செய்தால், வலி எதனால் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்த வலிக்கு என்று கேட்காதிருப்பது

நரம்பு சார்ந்த கால் வலிக்கு இக்கருவி நன்கு உதவும், முதுகில் மட்டும் உள்ள அசைவு வலிக்கு அந்த அளவு உதவாது. முதுகெலும்பில் பொருத்திய ஸ்குரூ தளர்ந்திருந்தாலோ புதிதாக டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினாலோ அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கால் திடீரென வலுவிழந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு குறைந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை மறைப்பது

குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றைச் சொல்லாமல் லீட் வைத்தால், உள்ளே இரத்தம் கட்டித் தண்டுவடத்தை அழுத்தி, கால்கள் செயலிழக்கக்கூடும். இதயத்தில் ஸ்டென்ட் உள்ளவர் தாமாக அவற்றை நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து.

டையாதெர்மி

மின்னலைகளால் உடலுக்குள் வெப்பம் பாய்ச்சும் இந்தச் சிகிச்சை ஒருபோதும் கூடாது. கருவி அணைந்திருந்தாலும் லீட் சூடாகித் தண்டுவடத்தைச் சுட்டுவிடும்.

எம்.ஆர்.ஐ.

கருவியின் விவரம் உள்ள அட்டையைக் காட்டாமல் ஸ்கேன் அறைக்குள் நுழையாதீர்கள்.

அன்றே ஏற்காட்டுக்கு ஏறுவது

ட்ரையல் முடியும்வரை சேலத்திலேயே தங்குங்கள். இரவில் காய்ச்சலோ கால் மரப்போ வந்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கும்.

பேட்டரியை விலை பார்த்து மட்டும் தேர்ந்தெடுப்பது

சார்ஜ் செய்யும் பேட்டரி பல ஆண்டுகள் உழைக்கும், ஆனால் அதைத் தவறாமல் சார்ஜ் செய்ய வேண்டும். தனியாக வாழும் முதியவருக்கு அது இயலுமா என்று வீட்டார் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். சார்ஜ் தேவைப்படாத வகையைத் தேர்ந்தெடுத்தால், பேட்டரியை மாற்ற முன்னதாகவே இன்னொரு சிறு அறுவை சிகிச்சை வரும், அதற்கான செலவையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.