கீழே விழுந்த கொண்டைக்குருவிக் குஞ்சு: முதலில் சூடு, அப்புறம்தான் இரை

பள்ளியில் படிக்கும்போது தென்னை மரத்தடியில் கிடந்த ஒரு மைனாக் குஞ்சை எடுத்துவந்து, இங்க் ஃபில்லரில் பால் ஊற்றினேன். மறுநாள் காலையில் அது உயிரோடு இல்லை. நான் செய்தது எல்லாமே தப்பு என்று புரிய வெகுகாலம் ஆனது.

படி 1: எடுக்கத்தான் வேண்டுமா?

உடம்பெல்லாம் இறகு, வால் மட்டும் குட்டை, தத்தித் தத்திப் போகிறது. அப்படியென்றால் அது விழுந்த குஞ்சு இல்லை, பறக்கப் பழகும் குஞ்சு. கொண்டைக்குருவிக் குஞ்சுகள் பொரித்து இரண்டு வாரத்துக்குள், சரியாகப் பறக்க வராதபோதே கூட்டை விட்டு இறங்கிவிடும். தாயும் தகப்பனும் பக்கத்தில்தான் இருக்கும். பூனை வரும் இடமானால் தூக்கி அருகிலுள்ள புதரில் வைத்துவிட்டு, நன்றாகத் தள்ளி நின்று ஒரு மணி நேரமாவது பாருங்கள். நீங்கள் பக்கத்திலேயே நின்றால் அவை வராது.

இறகு முளைக்காத சிவந்த குஞ்சென்றால் கூட்டைத் தேடித் திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. கூடு பிய்ந்திருந்தால் கொட்டாங்கச்சியின் அடியில் இரண்டு ஓட்டை போட்டு, காய்ந்த புல் வைத்து, அதே கிளையில் கட்டுங்கள். கொண்டைக்குருவி குரோட்டன்ஸ் செடியிலும் மல்லிகைப் பந்தலிலும், ஏன், வராந்தா விளக்கின் மேலும்கூடக் கட்டும். ஏணி தேவைப்படாது.

பெற்றவை வரவே இல்லை, அல்லது குஞ்சுக்குக் காயம் என்றால் மட்டும் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பூனை கவ்வியிருந்தால், காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பூனை எச்சிலில் உள்ள கிருமி அவ்வளவு மோசம்.

படி 2: சூடு

அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போடுங்கள். உள்ளே ஒரு சின்னக் கிண்ணம், அதில் டிஷ்யூ பேப்பர். பஞ்சு வேண்டாம், கால் விரல்களில் சுற்றிக்கொள்ளும். வெந்நீர் பாட்டிலைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள். (பல்பு வைக்கலாம் என்பார்கள். எல்.இ.டி பல்பில் ஏது சூடு?) இறகில்லாத குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி வேண்டும். வாயைப் பிளந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம்.

குளிர்ந்துபோன குஞ்சுக்கு இரை செரிக்காது. உடம்பு வெதுவெதுப்பான பிறகே ஊட்டுங்கள்.

படி 3: குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையை அலமாரியிலேயே விடுங்கள்

தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விடாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். பாலில் உள்ள சர்க்கரையும் பறவைக்குச் செரிக்காது. ரொட்டி, சோறு வேண்டாம். குஞ்சுக்கு வேண்டிய நீர் இரையிலேயே இருக்கிறது.

படி 4: ஊட்டுவது

பூனைக்கென விற்கும் உலர் உணவை வெந்நீரில் ஊறவையுங்கள். ஸ்பாஞ்சு போல ஊதியதும் நீரைப் பிழிந்து ஆறவிடுங்கள். அது இல்லையா, வேகவைத்த முட்டையை மசித்துக்கொள்ளுங்கள். கால் கிள்ளிய சின்ன வெட்டுக்கிளி கிடைத்தால் இன்னும் நல்லது. பாசிப்பயறு அளவு எடுத்து, முனை மழுங்கிய ட்வீசரால் தொண்டைப் பக்கமாக வையுங்கள். வாய் திறக்காவிட்டால் கிண்ணத்தை விரலால் லேசாகத் தட்டுங்கள், தாய் வந்து அமர்ந்ததென்று நினைத்துத் திறக்கும். நாலைந்து வாய் போதும். மூடிக்கொண்டால் நிறுத்திவிடுங்கள், திணிக்காதீர்கள்.

இறகில்லாததற்கு அரை மணிக்கு ஒருமுறை, இறகு மூடியதற்கு ஒரு மணிக்கு ஒருமுறை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இதே வேலைதான், ஆபீசுக்கு லீவு போட வேண்டிவரும்! இரவில் தூங்கட்டும். சாப்பிட்டதும் வெள்ளைப் பை போல எச்சமிட்டால் வயிறு வேலை செய்கிறது என்று அர்த்தம். ட்வீசராலேயே எடுத்துவிடலாம்.

புறாக் குஞ்சுக்கு இந்த முறை ஒத்துவராது. அது வாயைப் பிளக்காது, தாயின் வாய்க்குள் தன் அலகை விட்டுக் குடிக்கும். அதை நேரே புறாக் குஞ்சுக்கு ஊட்டத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 5: ஒப்படைப்பது

இதெல்லாம் ஓரிரு நாள் சமாளிப்புதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் காட்டுப் பறவைகளை வீட்டில் வளர்க்கக் கூடாது. வனத்துறைக்குச் சொல்லுங்கள். சென்னை என்றால் ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பிலும் கேட்கலாம். போகும்போது பெட்டியை மூடியே வையுங்கள், காரில் பாட்டு வேண்டாம். எந்தத் தெரு, எந்தச் செடியடி, என்றைக்கு எடுத்தது என்று மூடியின்மேல் எழுதிக் கொடுங்கள். சிறகு தேறியதும் அதே இடத்தில்தான் அதைப் பறக்கவிட வேண்டும்.