பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பின்னல் ஊசியை எடுப்போருக்கு

பள்ளியின் கைவேலை வகுப்பிலோ அம்மாவின் அருகில் அமர்ந்தோ பின்னல் கற்று, வேலை, குடும்பம் என்று காலம் நகர்ந்ததில் அதை விட்டுவிட்டவர்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: கண்ணி, அதாவது ஊசியில் நூல் வளையம், போடும் அசைவை விரல்கள் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை, ஆனால் நூலைப் பிடிக்கும் இறுக்கம் நிச்சயம் மாறியிருக்கும். ஆகவே பெட்டியில் பாதியில் நிற்கும் பழைய ஸ்வெட்டரை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம். அன்றைய வரிசைகளும் இன்றைய வரிசைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு விழும். துவைத்தாலும் அது முழுவதும் மறைவது அரிது.

அந்த நூலைக் காப்பாற்ற வழி உண்டு. ஒரு முழம் இழுத்துப் பாருங்கள். எளிதில் அறுந்தாலோ, அந்துப்பூச்சியின் புழு அரித்த தடம் இருந்தாலோ அதை விட்டுவிடலாம். உறுதியாக இருந்தால் பின்னலைப் பிரித்து, நாற்காலியின் முதுகில் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கசக்காமல் நிழலில் தொங்கவிடுங்கள். சுருள்கள் பெரும்பாலும் நீங்கிவிடும். கம்பளி நூலுக்கு வெந்நீர் ஆகாது. சூடும் உரசலும் சேர்ந்தால் இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு திரண்டுவிடும்.

அடுத்து ஊசி. மீண்டும் தொடங்குவோர் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நம் வீடுகளில் உள்ள பழைய ஊசிகளில் பொறித்திருப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் எண்; அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையில் எண் கூடக்கூட ஊசி தடிக்கும். பிரிட்டிஷ் 8ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர், அமெரிக்க 8ஆம் எண் ஊசி 5 மில்லிமீட்டர். 2007இல் தொடங்கிய ராவல்ரி போன்ற தளங்களிலிருந்து அமெரிக்கப் பின்னல் குறிப்பு ஒன்றை எடுத்து, அம்மாவின் 8ஆம் எண் ஊசியால் பின்னினால் துணி இறுகிச் சிறுத்துவிடும். எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். துளைகளிட்ட ஊசி அளவி ஒன்று வாங்கிவிட்டால் இந்தக் குழப்பமே இராது.

பகலில் 32, 33 டிகிரி வெப்பமும் ஓயாத ஈரப்பதமும் உள்ள நம் ஊரில், முதல் வேலைக்குப் பருத்தி நூலையோ பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூலையோ தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. தூய பருத்தி கம்பளியைப் போல நீண்டு கொடுக்காது என்பதால் மணிக்கட்டுக்குச் சற்று உழைப்பு கூடும். அந்த வகையில் கலப்பு நூல் மேல். வழுக்கும் உலோக ஊசியை விட மூங்கில் ஊசி கண்ணிகளை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வெளிர் நிற நூலாக இருக்கட்டும். இரவு விளக்கில் கறுப்பு நூலின் கண்ணிகளை எண்ணுவது இளங்கண்களுக்கே கடினம்.

முதலில் பாத்திரம் துடைக்கும் சதுரத் துணி ஒன்று பின்னுங்கள். டி.கே. எனப்படும் நடுத்தரத் தடிமன் நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் எடுத்து, பின்னப்போகும் அகலத்தைப் போல மூன்று மடங்குக்கும் சற்று அதிகமாக நூல் வால் விட்டு, 40 கண்ணிகள் போடுங்கள். எல்லா வரிசைகளையும் நிட் எனப்படும் நேர்ப் பின்னலாகவே பின்னினால் ஓரம் சுருளாமல் துணி தட்டையாக விழும். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு தெரியும் என்பதால் எண்ணுவதும் எளிது. வேகம் தேவையில்லை, கண்ணியைப் பார்த்துப் படிக்கும் பழக்கம் திரும்புவதே முக்கியம். உங்களை நோக்கியிருக்கும் பக்கத்தில் நிட் கண்ணி 'வி' வடிவில் தெரியும், அதன் மறுபக்கமான பர்ல் கண்ணி சிறு முடிச்சாகப் புடைத்திருக்கும். ஊசியில் அமர்ந்த கண்ணியின் வலது கால் ஊசிக்கு முன்புறம் இருக்க வேண்டும். பின்புறம் போயிருந்தால் அந்தக் கண்ணி முறுக்கிக்கொள்ளும். நழுவிய கண்ணியை ஏணிப்படி ஏற்றுவது போல ஒவ்வொரு வரிசையாக மேலே கொண்டுவர, கொக்கி முனை கொண்ட ஒரு குரோஷே ஊசி அருகில் இருக்கட்டும்.

உடைக்குப் போகும் முன் மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, உலர்ந்த பின்பே அளவெடுங்கள். பின்னல் குறிப்பு 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் கேட்க, உங்கள் கையில் 24 வந்தால், 50 சென்டிமீட்டர் அகலத்துக்கான 110 கண்ணிகள் 46 சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. அப்போது ஒரு அளவு தடித்த ஊசிக்கு மாறி, மறுபடி ஒரு துண்டு பின்னிப் பார்க்க வேண்டும்.

அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை நீட்டி மடக்குங்கள். பெரிய துணிக்கு, இரண்டு ஊசி முனைகளை வளையும் கம்பி இணைக்கும் வளைய ஊசி நல்லது. துணியின் எடை மடியில் இறங்கிவிடும்.

இந்த வெயிலில் பின்னல் உடையை யார் அணிவார் என்று கேட்கலாம். குளிரூட்டிய அலுவலகத்திலும், பட்டர்வொர்த்துக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடும் இடிஎஸ் ரயிலிலும், கேமரன் மலையிலும் ஒரு மெல்லிய சால்வை மிகவும் பயன்படும். அதை உங்கள் இரண்டாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். துவைத்தபின் கொடியில் தொங்கவிட்டால் பருத்தி தன் எடையாலேயே நீண்டுவிடும். துவாலையில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, மின்விசிறியின் கீழ் தட்டையாக விரித்து, இடையில் ஒருமுறை திருப்பிப்போட்டு, ஈரம் முற்றிலும் போனபிறகே மடித்து வையுங்கள்.