நம்ம ஊர் நீதிமன்றத்துக்கு இன்னொரு நீதவான் வேண்டுமா? கேட்கும் வழி இதுதான்

எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பரா அக்கா தாபரிப்பு வழக்குப் போட்டிருந்தார். தவணை நாளென்றால் இருட்டோடு எழும்பி, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டி வைத்துவிட்டு மஸ்கெலியாவில் முதல் பஸ்ஸைப் பிடிப்பார், அன்றைக்குப் பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும், பஸ் காசும் கைக்காசு. ஒருமுறை போனால் நீதவான் லீவு. இன்னொருமுறை வழக்குகள் நிறைய, நேரம் போய்விட்டது, அடுத்த தவணை. ஒரு நாள் பெயரைக் கூப்பிட்ட விதம் அவருக்கே விளங்கவில்லை, வெளி விறாந்தையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். தவணைத் தேதிகளை எல்லாம் ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். அந்த உறையைப் பார்த்த அன்றுதான் இதைச் சும்மா விடக்கூடாது என்று எனக்குத் தோன்றியது.

ஊரில் எல்லோரும் "கோர்ட் இழுக்குது" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ஆனால் "எங்கள் நீதிமன்றத்துக்கு இன்னொரு நீதிபதி வேண்டும்" என்று கணக்கோடு எழுதிக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. கேட்கலாம். சங்கமாக, மாதர் குழுவாக, தோட்டத்து இளைஞர்களாகச் சேர்ந்து கேட்கலாம்.

முதலில் போய் உட்கார்ந்து எண்ணுங்கள். நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்க வேண்டும், யாரும் உள்ளே போய் இருக்கலாம் என்று இலங்கை அரசியலமைப்பின் 106ஆவது உறுப்புரை சொல்கிறது. சில வகை வழக்குகளில் மட்டும் நீதிபதி ஆட்களை வெளியே அனுப்பலாம். போனை அணைத்துவிடுங்கள், படமோ ஒலியோ எடுக்கவே வேண்டாம், கொப்பியும் பேனாவும் போதும். அன்றைக்குப் பட்டியலில் எத்தனை வழக்கு, எத்தனையில் உண்மையிலேயே சாட்சி கேட்டார்கள், எத்தனைக்கு வெறும் தவணை மட்டும், ஏன் என்று நான்கு கோடு போட்டு எழுதுங்கள்.

அந்த "ஏன்" என்ற கோட்டில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நீதவான் வரவில்லை, வேறு நீதிமன்றத்துக்கும் அவரே போக வேண்டியிருந்தது, நேரம் போதவில்லை என்று வந்தால் அது நீதிபதி பற்றாக்குறை. ஆனால் பொலிஸ் அறிக்கை வரவில்லை, சாட்சி வரவில்லை, போதைப்பொருள் வழக்கில் அரச பகுப்பாய்வாளர் அறிக்கை இன்னும் கிடைக்கவில்லை, சட்டத்தரணியே தவணை கேட்டார் என்று வந்தால், இன்னும் இரண்டு நீதிபதிகளைப் போட்டாலும் அந்த வழக்கு அசையாது. இரண்டையும் கலந்து எழுதினால் உங்கள் மனுவை முதல் பார்வையிலேயே ஒதுக்கி வைத்துவிடுவார்கள். ஆகவே நேர்மையாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் போதாது. இரண்டு மூன்று மாதத்தில் வேறு வேறு கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு நாளாவது ஆள் மாறி ஆள் போங்கள். அப்படிப் போனால் ஒருவருக்கே எல்லாப் பேரும் போகாது.

உங்கள் கொப்பி மட்டும் காணாது, அவர்களுடைய கணக்கும் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் பகிரங்க அதிகாரசபை என்ற சொல்லுக்குள் நீதிமன்றங்களும் வருகின்றன. தீர்ப்பைப் பற்றியோ நடக்கும் வழக்கைப் பற்றியோ கேட்காதீர்கள், எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். கடந்த ஐந்து வருடத்தில் ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் தேதியும் நிலுவையில் இருந்த வழக்குகள் எத்தனை, அந்த வருடம் புதிதாக வந்தவை எத்தனை, முடிந்தவை எத்தனை, எத்தனை நீதிபதிகள் கடமையில் இருந்தார்கள், அனுமதிக்கப்பட்ட ஊழியர் எத்தனை பேர், தமிழ் உரைபெயர்ப்பாளர் எத்தனை பேர். தமிழிலேயே எழுதலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதிலே வராவிட்டால் அல்லது மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழு.

கணக்கு வந்ததும் அதை ஒரே வரியில் சொல்லப் பாருங்கள். பேச்சுக்கு, வருடத்துக்கு 1,000 வழக்கு வந்து 800 முடிகிறதென்றால் வருடா வருடம் 200 வழக்கு சேர்ந்துகொண்டே போகிறது, இருக்கிற ஒருவர் எவ்வளவு உழைத்தாலும் அது குறையப் போவதில்லை. இந்த ஒரு வரிக்கு இருக்கும் பலம் பத்துப் பக்கக் கண்ணீருக்கு இல்லை.

சரி, இப்போது என்ன கேட்பது? இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். இருக்கிற நீதிமன்றத்துக்கு மேலதிக நீதவான் அல்லது மேலதிக மாவட்ட நீதிபதி வேண்டுமென்றால் அந்த நியமனம் நீதிச்சேவை ஆணைக்குழுவின் கையில், அதாவது பிரதம நீதியரசரும், நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தின் நீதியரசர்கள் இருவரும் சேர்ந்த ஆணைக்குழு. சில இடங்களில் ஒரே ஆளே மாவட்ட நீதிபதியாகவும் நீதவானாகவும் இருக்கிறார், காலையில் பிணை மனு, பிறகு காணிப் பிரிவினை வழக்கு. அப்படியானால் இரண்டையும் பிரித்து ஆளுக்கொரு பதவி கேளுங்கள். வேறு ஊரில் புது நீதிமன்றமே வேண்டுமென்றால் கதை வேறு. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டப்படி நீதி வலயம், மாவட்டம், பிரிவு என்பவற்றின் எல்லைகளை நீதி அமைச்சர்தான் வர்த்தமானியில் கட்டளை போட்டுத் தீர்மானிக்க வேண்டும், கட்டடத்துக்கும் காசு ஒதுக்க வேண்டும். மேல் நீதிமன்ற நீதிபதி என்றால் ஜனாதிபதியின் நியமனம். மேலே போகப் போக இன்னும் கஷ்டம்: 2020இல் உயர் நீதிமன்ற நீதியரசர் தொகையை 11இலிருந்து 17 ஆக்குவதற்கு அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. நமக்கு அந்த அளவு தேவையில்லை. என் அபிப்பிராயத்தில், இருக்கிற கட்டடத்தில் இரண்டாவது ஆசனம், அதாவது இன்னொரு நீதிபதிக்கு இடம், கேட்பதுதான் சீக்கிரம் நடக்கக் கூடியது.

ஆனால் ஆசனம் என்றால் நாற்காலி மட்டும் அல்ல. இரண்டாவது வழக்கு மண்டபம், நீதிபதிக்கு அறை, இருக்க வீடு, சுருக்கெழுத்தாளர், எழுதுவினைஞர், உரைபெயர்ப்பாளர் எல்லாம் வேண்டும். கட்டடத்தில் சும்மா கிடக்கிற மண்டபம் இருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். உரைபெயர்ப்பாளரைக் கட்டாயம் எழுதுங்கள். நுவரெலியாவிலும் பதுளையிலும் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை, வழக்கு நடக்கும் மொழி விளங்காதவருக்கு அரசே உரைபெயர்ப்புத் தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரையும் சொல்கிறது. அக்கா விறாந்தையில் இருந்த அந்த நாளை நாங்கள் எங்கள் மனுவில் பெயரில்லாமல் சேர்த்தது இதற்காகத்தான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "இன்ன நீதவானைத் தாருங்கள்" என்றோ "இவரை மாற்றுங்கள்" என்றோ ஒரு வரிகூட வரக்கூடாது. நீதிச்சேவை ஆணைக்குழுவின் தீர்மானங்களில் தகாத வழியில் செல்வாக்குச் செலுத்தப் பார்ப்பது குற்றம். அரசியல்வாதியைப் பிடித்துப் போன் போடச் சொல்வதும் அதே வழிதான். நீங்கள் கேட்பது பதவி, ஆள் அல்ல.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம், கணக்கும் கொப்பிப் பிரதியும் பின்னிணைப்பு. புதுக்கடையிலுள்ள நீதிச்சேவை ஆணைக்குழுவின் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, நீதி அமைச்சின் செயலாளருக்கும் பிரதி போடுங்கள். அதற்கு முன்னால் உங்கள் பகுதிச் சட்டத்தரணிகள் சங்கத்தைப் போய்ப் பாருங்கள். தினமும் அங்கே நிற்பவர்கள் அவர்கள், அவர்களும் ஒரு கடிதம் தந்தால் எடையே வேறு. அப்புறம் பிரதேச சபையில் ஒரு தீர்மானம், பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் பொதுமனுக் குழுவுக்கு ஒரு மனு. கட்டடம், காசு பற்றிய பகுதிக்கு இந்த வழிகள் சரியானவை. நீதிபதிகளின் வருடாந்த இடமாற்றம் பெரும்பாலும் ஜனவரியில் நடைமுறைக்கு வருவதால், கடிதம் வருட நடுவிலேயே போய்ச் சேர்ந்தால் நல்லது.

மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால் பதிவுத் தபால் துண்டின் பிரதியோடு நினைவூட்டல் அனுப்புங்கள். கொப்பியை நிறுத்தவேண்டாம். புது நீதவான் வந்த பிறகும் மாதம் இரண்டு நாள் போய் எழுதுங்கள், ஏனென்றால் அவர் மாறிப் போய் அந்த ஆசனம் காலியானால் அடுத்த கடிதத்துக்கு அந்தப் பக்கங்கள்தான் வேண்டும். எங்கள் கொப்பியில் இப்போது செவ்வாய்க்கிழமைகளை அக்காதான் எழுதுகிறார்.