வேகச் சதுரங்கப் (ராபிட் செஸ்) போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கு

யாழ்ப்பாணத்தில் செஸ் போட்டிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் முன், வீட்டிலேயே மணிக்கூடு வைத்து விளையாடப் பழக்குங்கள். நல்லாய் விளையாடும் பிள்ளைகளும் புள்ளியை இழப்பது பெரும்பாலும் கையாலேதான்.

காய் நகர்த்திய அதே கையால் மணிக்கூட்டை அழுத்த வேண்டும். காஸ்லிங் (ராஜாவையும் கோட்டையையும் ஒரே முறையில் நகர்த்துவது) செய்யும்போது முதலில் ராஜா, பிறகு கோட்டை, இரண்டும் ஒரே கையால். கோட்டையை முதலில் தொட்டால் அந்தப் பக்கம் காஸ்லிங் செய்ய முடியாது. இரண்டு கையும் பாவித்துக் காய்களை நகர்த்திவிட்டு மணிக்கூட்டை அழுத்தினால் அது பிழையான நகர்த்தலாகவே கணக்கிடப்படும்.

கவனம் அதிகம் தேவைப்படுவது சிப்பாய் கடைசி வரிசையை அடையும்போது. சிப்பாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ராணியை வைக்காமல் மணிக்கூட்டை அழுத்தினால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். இரண்டாவது பிழையோடு பொதுவாக ஆட்டமே போய்விடும். கைவசம் ராணி இல்லையா? மணிக்கூட்டை நிறுத்தி நடுவரிடம் கேளுங்கள். வீட்டில் செய்கிற மாதிரிக் கோட்டையைத் தலைகீழாக வைத்தால், வாயால் "ராணி" என்று சொன்னாலும் அது கோட்டைதான்!

கோணலாக நிற்கும் காயை நேராக்குவதென்றால், உங்கள் முறையில், "சரிசெய்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள்.