கார்த் திறப்பின் பற்றரியை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

ரிமோட் பற்றரி திடீரென்று சாவதில்லை. முன்பு முற்றத்தில் நின்று அழுத்தினாலே திறந்த கார், கொஞ்ச நாளில் கதவடிக்குப் போனால்தான் திறக்கும். பிறகு இரண்டு மூன்று தரம் அழுத்த வேண்டிவரும். திறப்பில் இருக்கும் குட்டி லைற் மங்கும். ஜப்பானில் இருந்து வந்த கார் என்றால் டாஷ்போர்டில் திறப்புப் படத்தோடு ஜப்பானிய எழுத்தில் ஏதோ வந்துபோகும். வாசிக்கத் தெரியாததால் நம்மவர்கள் பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலே மாற்றிவிடுங்கள். வவுனியா நகருக்குள் ஓடும் காருக்கு அவசரமில்லை, எங்கே நின்றாலும் பக்கத்தில் ஒரு கடை இருக்கும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய், நடுச்சாமத்தில் பிள்ளைகளோடு காரடியில் நிற்கும்போது கதவு திறக்காவிட்டால்தான் சிக்கல். வேலை பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. ஒரே மாதிரியான காருக்குள்ளும் திறப்பு வேறுபடும் என்பதால், நான் சொல்வதோடு உங்கள் திறப்பையும் நன்றாகத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

முதலில் நம்பர்

கடைக்குப் போய் 'வாகன்ஆர் திறப்புக்குப் பற்றரி தாங்கோ' என்று கேட்காதீர்கள். ஒரே மொடலுக்கே வருடத்தைப் பொறுத்து வேறு பற்றரி வரலாம். கூட்டைத் திறந்து, பழைய பற்றரியின் முகத்தில் உள்ள நம்பரைப் பார்ப்பதுதான் சரி. பெரும்பாலும் சி.ஆர். 2032, 2025, 2016, 1632, 1620 என்பவற்றில் ஒன்றாக இருக்கும். முதல் இரண்டு இலக்கமும் விட்டம், மில்லிமீற்றரில். பின் இரண்டும் தடிப்பு: 32 என்றால் 3.2 மில்லிமீற்றர், 25 என்றால் 2.5. எல்லாமே 3 வோல்ட் என்பதால், 2032 இல்லாவிட்டால் '2025 உம் போகும்' என்று தருகிற கடைக்காரர் உண்டு. போகும்தான், ஆனால் தளர்வாகக் கிடக்கும். ஒழுங்கையில் இரண்டு குழி விழுந்து எழும்ப, தொடுப்பு விட்டுவிடும்.

எல்.ஐ.ஆர். என்று தொடங்கும் பற்றரியும் பார்க்க அச்சாக இதேபோல இருக்கும். அது திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்வது, வோல்டேஜ் கூடியது. திறப்புக்கு வேண்டாம்.

மணிக்கூடு திருத்தும் கடைகளிலும் எலெக்ட்ரிக் சாமான் கடைகளிலும் கிடைக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் உதிரியாகக் கிடப்பதை விட, அட்டையில் ஒட்டி மூடிய, திகதி போட்ட பற்றரியை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் உதிரிப் பற்றரி எத்தனை வருடம் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

கூட்டைப் பிரிப்பது

பயப்பட வேண்டிய இடமும் பொறுமை வேண்டிய இடமும் இதுதான். காற்றும் புழுதியும் அடிக்கிற விறாந்தையில் வேண்டாம். உள்ளே மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஃபானை நிற்பாட்டிவிட்டு இருங்கள். கையைக் கழுவித் துடையுங்கள்.

ஸ்டார்ட் பட்டன் உள்ள காரின் திறப்பு என்றால், பக்கத்திலோ பின்னாலோ ஒரு சின்ன விசை இருக்கும். அதைத் தள்ளிக்கொண்டு இழுத்தால் உள்ளே இருக்கும் இரும்புத் திறப்பு வெளியே வரும். அது இருந்த இடத்திலோ அதன் அருகிலோ ஒரு வெட்டுத் தெரியும். தட்டை ஸ்குரூ டிரைவரின் நுனியில் துணி சுற்றி, அந்த வெட்டுக்குள் வைத்து மெதுவாகத் திருகுங்கள். நெம்பாதீர்கள், திருகுங்கள். நெம்பினால் பிளாஸ்டிக் விளிம்பு கடித்துப்போகும். 'டக்' என்று ஒரு பக்கம் விட்டதும், மற்றப் பக்கத்தை நகத்தாலேயே விரிக்கலாம்.

இரும்பும் பட்டனும் ஒன்றாக உள்ள, சுற்றி ஸ்டார்ட் செய்கிற திறப்பு என்றால் முதலில் ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் சின்ன நட்சத்திர ஆணி ஒன்று இருக்கும். இந்த வகையில் ஒரு சிக்கல் உண்டு. கார் உங்கள் திறப்பை அடையாளம் காண்பது ஒரு சின்னச் சிப்பை வைத்துத்தான். சில திறப்புகளில் அது ரிமோட் பலகையில் ஒட்டாமல், தனியாக ஒரு கறுப்புத் துண்டாகக் கூட்டுக்குள் செருகியிருக்கும், நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிது. கூட்டை வேகமாகப் பிரித்தால் அது தெறித்துப் போகும். அது தொலைந்தால் புதுப் பற்றரி போட்டும் கார் ஸ்டார்ட் ஆகாது. வெள்ளைத் துணி விரிக்கச் சொன்னது அதற்காகத்தான்.

பற்றரியை மாற்றுவது

பழையதை எடுக்க முன் போனில் ஒரு படம் எடுங்கள். எழுத்தும் + குறியும் உள்ள அகன்ற முகம் மேலே இருந்ததா, கீழே இருந்ததா என்பதுதான் தெரிய வேண்டும். அது திறப்புக்குத் திறப்பு மாறும். தலைகீழாகப் போட்டால் ரிமோட் வேலை செய்யாது.

பல்லுக்குத்தும் குச்சியால் ஓரத்தில் தெண்டி எடுங்கள். தகட்டு நாக்கு வளைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாக்கில் பச்சை பிடித்திருந்தால், பஞ்சுக் குச்சியில் பாமசி ஸ்பிரிட் கொஞ்சம் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். புதுப் பற்றரியையும் காய்ந்த துணியால் துடைத்து, முகங்களில் விரல் படாமல் விளிம்பில் பிடித்து வையுங்கள். டியூராசெல் பற்றரியில், பிள்ளைகள் வாயில் வைத்தால் துப்புவதற்காகக் கசப்பு மருந்து பூசியிருப்பார்கள். சில கருவிகளில் அந்தப் பூச்சே தொடுப்பைத் தடுத்துவிடும். அதையும் ஸ்பிரிட்டால் துடைக்கலாம்.

மூட முன் உள்ளே உள்ள றப்பர் வளையம் தன் பள்ளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கோடை முழுவதும் புழுதியையும் ஐப்பசி கார்த்திகையில் தண்ணீரையும் தடுப்பது அதுதான். பிறகு சுற்றிவர அழுத்திப் பூட்டி, காரடிக்குப் போய் அழுத்திப் பாருங்கள்.

வேலை செய்யாவிட்டால்

முதலில் பற்றரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று மறுபடி பாருங்கள். வோல்டேஜ் அளக்கும் மல்ரிமீற்றர் இருந்தால் அளந்து பாருங்கள், புதுப் பற்றரி 3 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். பெரும்பாலான திறப்புகளைப் பற்றரி மாற்றிய பின் மறுபடி பதியத் தேவையில்லை, அதனால் 'பதியவேணும்' என்று யாராவது பெரிய தொகை கேட்டால் யோசியுங்கள். இரண்டாவது திறப்பாலும் கார் திறக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் திறப்பில் இல்லை. காரின் சொந்தப் பற்றரியைப் பாருங்கள்.

பழைய பற்றரி

மேசையில் விட்டுவிட்டு எழும்பாதீர்கள். செத்த பற்றரியில் மிஞ்சியிருக்கும் மின்சாரமே ஒரு குழந்தையின் உணவுக்குழாயை இரண்டு மணித்தியாலத்துக்குள் எரித்துப் புண்ணாக்கப் போதும். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்காமல் கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ, கிட்ட உள்ள மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஓடுங்கள். வாசலிலேயே பற்றரி என்று சொல்லுங்கள். பழையதன் இரண்டு முகத்திலும் செலோடேப் ஒட்டி எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மாற்ற முன்னமே வழியில் செத்துவிட்டால்

கதவை இரும்புத் திறப்பால் திறக்கலாம். சில கார்களில் சாவித்துளை கைபிடியில் ஒரு மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அலாரம் கத்தினால் பதறாதீர்கள், பெரும்பாலும் ஸ்டார்ட் ஆனதும் நின்றுவிடும். ஸ்டார்ட் பட்டன் உள்ள டொயோட்டாவில் பிரேக்கை மிதித்தபடி, திறப்பின் சின்னம் உள்ள பக்கத்தைப் பட்டனில் தொடவையுங்கள். சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்துங்கள். சிப்புக்கு வேண்டிய மின்சாரத்தைக் காரே கொடுக்கும், பற்றரி தேவையில்லை. மற்றக் கம்பனிகளிலும் பெரும்பாலும் இப்படித்தான், சிலவற்றில் திறப்பை வைக்கத் தனி இடம் இருக்கும். வன்னிச் செம்மண் புழுதியில் பாவிக்காத சாவித்துளை இறுகிப்போகும் என்பதால், இடைக்கிடை இரும்புத் திறப்பாலும் பூட்டித் திறந்து பழகுங்கள்.

அலுமாரியில் கிடக்கும் இரண்டாவது திறப்பும் சும்மா கிடக்கவில்லை. ஸ்டார்ட் பட்டன் காரின் ஸ்மார்ட் திறப்பு எப்போதும் காரின் ரேடியோ அலையைக் கேட்டுக்கொண்டே இருப்பதால் அதன் பற்றரியும் கரையும். டிவி, போன் சார்ஜர் பக்கத்தில் வைக்காதீர்கள். டொயோட்டா ஸ்மார்ட் திறப்பு பலவற்றில் பூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு திறக்கும் பட்டனை இரண்டு தரம் அழுத்தினால், லைற் நாலு தரம் மின்னிவிட்டுத் திறப்பு உறங்கிவிடும். தேவைப்படும்போது எந்தப் பட்டனை அழுத்தினாலும் எழும்பும்.